ஓரத்துச் சிப்பாய்

செப்டம்பர் 9, திங்கள்

மகள் வீட்டு மாரீஸ்வரி முதல் தடவையிலேயே பரீட்சை பாஸாகி கடையநல்லூரில் வேளாண்மை அதிகாரியாக இருக்கிறாள். தனி ஜீப்பு, தனி டிரைவர். அவள் தம்பி பேச்சிமுத்து கப்பலில் என்ஜினியர். சிங்கப்பூர், துபாய் எல்லாம் அவனுக்குச் சந்தைக்குப் போய் வருவது மாதிரி. சின்ன மகன் பெற்ற செந்தூரன் பதினாறு வயதில் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனவன். இப்போது பத்தொன்பது. கலெக்டர் எங்கள் கோவில்பட்டி வீட்டுக்கே வந்து சால்வை போட்டுவிட்டுப் போனார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்பதைத் தெருவே பார்த்தது. பெரிய மகன் பெற்ற இசக்கி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அவளும் நன்றாக இருக்கிறாள்.

செந்தூரனின் பயிற்சியாளர் செல்வின் சார் இந்த டைரியைக் கொடுத்தார். என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், தினமும் எழுதுங்கள், ஊருக்கு வந்ததும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஐந்தாவதோடு நின்றவள் என்றாலும் என் எழுத்து தெளிவாக இருக்கும். ஒரு பக்கத்தில் சாப்பாட்டை எழுதினால் முக்கால் பக்கம் மிச்சம் கிடக்கிறது. வீணாக்குவானேன் என்று மற்றதையும் எழுதுகிறேன்.

இந்தத் தடவை செஸ் போட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் செந்தூரன் அம்மாவுக்கு ஆபரேஷன். அப்பன் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில். போன வருஷம் வெளிநாட்டுச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு தோற்று வந்தவனைத் தனியாக அனுப்ப முடியுமா? எழுபத்தொரு வயதில் நான் பாஸ்போர்ட் எடுத்தேன். விமானம் ஏறினேன். ஜார்ஜியா தேசம், பாத்துமி என்கிற ஊர். ஹோட்டலுக்கு எதிரே கருங்கடல். போய்ப் பார்த்தால் தண்ணீர் நம் ஊர்க் கடல் நிறந்தான். கரையில் மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல். ஏமாற்றமாக இருந்தது.

அறுபத்து நான்கு பேர் வந்திருக்கிறார்கள். ஒரே ஆளோடு இரண்டு நாள், இரண்டு ஆட்டம். சமமாக நின்றால் மூன்றாம் நாள் வேக ஆட்டம். தோற்றவர் அன்றே கிளம்ப வேண்டியது. கடைசி நான்கு பேருக்கு உலகப் பட்டத்துக்கான அடுத்த போட்டியில் இடம். செந்தூரனுக்கு வேண்டியது அந்த நான்கில் ஒன்று. நான்கு பேரை வரிசையாக வென்றால் கிடைக்கும்.

இரவு: இட்லி நான்கு, பருப்புப்பொடி. ஒன்பதரைக்குத் தூக்கம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆட்டம் நாலு மணி நேரம் ஆகும், ஊரிலிருந்து கொண்டுவந்த கரண்ட் குக்கரில் நிதானமாக ரசம் வைக்கலாம் என்று அறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் வந்து நிற்கிறான். தோற்றுவிட்டாயா என்றால், இல்லை, டிரா என்கிறான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காயை நகர்த்திவிட்டுக் கை கொடுத்துக்கொண்டார்களாம். இவ்வளவு தூரம் ஏரோப்ளேனில் வந்து, கோட்டு மாட்டிக்கொண்டு போய், சண்டையே போடாமல் கை கொடுப்பதா?

கறுப்புக் காயோடு ஆடுகிற நாளில் தலையைச் செலவழிக்க வேண்டாம், நாளை வெள்ளை, முதல் நகர்த்தல் எனக்கு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். "இது யார் வேகமா ஓடுறாங்கன்னு பாக்கிற பந்தயம் இல்ல ஆச்சி. ரெண்டு வாரம் யார் தளராம இருக்காங்கன்னு பாக்கிற பந்தயம்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். பகல் ஒன்றே முக்கால் மணி நேரம் தூக்கம். செல்வின் சாருக்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 11, புதன்

ஜெயித்தான். அதைவிடக் காலையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறான். சட்டை, சாக்ஸ், சார்ஜர் எல்லாம் உள்ளே. விளையாடப் போகிற நாளில் ஊருக்குக் கிளம்புகிற மாதிரி பெட்டி கட்டுவது எந்த ஊர் வழக்கம்? அபசகுனம் என்று நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அவன் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இரண்டாம் நாளும் இப்படித்தான் செய்வேன் என்றான். "தோக்கிறதுகூடப் பரவால்ல ஆச்சி. தோத்துட்டு வந்து தனியா உக்காந்து சட்டை மடிக்கிறதுதான் முடியாது."

நான் அவன் சட்டையை மறுபடி மடித்து வைத்தேன். அவனுக்கு மடிக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஓய்வு. எலுமிச்சம் சோறு, அப்பளம். மழை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டாவது ஆளோடு இரண்டு ஆட்டமும் டிரா. இன்று வேக ஆட்டம். பக்கத்தில் இருக்கிற கடிகாரத்தைத் தட்டித் தட்டி ஆடுகிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு காய் போய்விடுகிறது. கோயில் உண்டியல் காசு எண்ணுகிறவர்கள் கைகூட இவ்வளவு வேகமாக ஓடாது. செந்தூரன் ஜெயித்தான்.

சாப்பாட்டு அறைக்குப் போனால் பாதி மேசை காலி. லக்னோவிலிருந்து வந்த ஒரு பையனின் அம்மா எனக்கு ஊறுகாய் கொடுத்தாள்; நான் அவளுக்குப் பருப்புப்பொடி கொடுத்தேன். பாஷை தெரியாமலே மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தோம். இன்று அந்த மேசையில் வேறு விரிப்பு. ராத்திரியே போய்விட்டார்களாம். சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. பொடி டப்பாவைக் கழுவித் துடைத்து வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்படியும் ஒரு விளையாட்டு.

செப்டம்பர் 17, செவ்வாய்

மூன்றாவது ஆளையும் வென்றான். மாரீஸ்வரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நூறு கும்பிடு போட்டிருக்கிறாள். பேச்சிமுத்து கப்பலிலிருந்து கேக் படம் போட்டான். இசக்கி ஒன்றும் போடவில்லை. வேலை இருக்கும்.

செப்டம்பர் 18, புதன்

அடுத்தவர் பல்கேரியா தேசத்து ஸ்டோயன். நெட்டையான மனிதர், நாற்பது வயதிருக்கும். லிஃப்டில் பார்த்தால் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார். இவரை வென்றால் செந்தூரனுக்கு அந்த நான்கில் இடம்.

அவன் தயார் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் நினைத்தேன், அந்த ஆள் எந்தக் காயை எங்கே வைத்தார் என்று மனப்பாடம் செய்வான் என்று. இவன் பார்ப்பது அவர் பழைய ஆட்டங்களில் எங்கெங்கே யோசித்தார் என்பதை. எந்த இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார், எந்த இடத்தில் யோசிக்காமல் ஆடினார். யோசிக்காமல் ஆடினால் வீட்டிலேயே படித்துவிட்டு வந்த பாடம். உட்கார்ந்துவிட்டால் பாடம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த முடிகிற இடத்துக்கு அவரைக் கொண்டுபோக வேண்டுமாம்.

பாடத்தை யார் தயார் செய்து கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாப் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் பின்னால் ஆள் உண்டாம். போட்டி முடிகிறவரை அவர்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்களாம். பெயர் தெரிந்தால் என்ன மாதிரி ஆட்டம் வரும் என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவானாம். ஸ்டோயனுக்குப் பின்னால் யார் என்று யாருக்கும் தெரியவில்லை; மூன்று வருஷமாக அவர் ஆட்டம் புதிதாக இருக்கிறது என்றான் செந்தூரன்.

இவ்வளவு வேலை செய்துவிட்டுப் பெயர் வெளியே வராமல் இருக்க எந்த மனிதன் சம்மதிப்பான் என்று எனக்குத் தோன்றியது.

செப்டம்பர் 20, வெள்ளி

முதல் ஆட்டம் தோற்றுவிட்டான்.

அரங்கத்தில் என் பக்கத்தில் சென்னைப் பத்திரிகையிலிருந்து வந்த ஜெபராஜ் உட்காருவார். நல்ல பிள்ளை, நடப்பதை எனக்குத் தமிழில் சொல்வார். மேலே பெரிய திரையில் பலகை தெரியும். ஓரத்தில் ஒரு பட்டை; வெள்ளைக்கு நல்லது என்றால் வெள்ளை ஏறும், கறுப்புக்கு நல்லது என்றால் கறுப்பு இறங்கும். எனக்கு அந்தப் பட்டைதான் பாஷை.

செந்தூரனுக்கு இன்று கறுப்பு. இருவரும் ஏழெட்டு நகர்த்தலை மளமளவென்று ஆடினார்கள். அப்புறம் ஸ்டோயன் வலது ஓரத்தில், யானைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயைப் பிடித்து இரண்டு கட்டம் தள்ளினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஜெபராஜ் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த இடத்தில் இதை யாரும் ஆடியதே இல்லை ஆச்சி என்றார்.

நான் செந்தூரன் முகத்தைப் பார்த்தேன். அவன் பலகையைப் பார்க்கவில்லை. ஸ்டோயனையும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே யாரோ வந்து நிற்கிற மாதிரி. பேய் அறைந்த முகம். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தான். அதன்பிறகு பட்டையில் வெள்ளை ஏறிக்கொண்டே போனது.

அறைக்கு வந்து ஷூவோடு கட்டிலில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தச் சிப்பாயைத் தள்ளினது யார் தெரியுமா? நீங்கதான் ஆச்சி."

பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. பிறகு அவன் சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வந்தது.

அது ஒரு முழுப் பரீட்சை லீவு. இசக்கிக்குப் பதினைந்து வயது, இவனுக்குப் பதினொன்று. இரண்டு பேரும் கூடத்தில் பலகையை விரித்து எழுந்திருக்காமல் கிடந்தார்கள். நான் சுண்டல் தட்டை வைக்க இடம் தேடி, பலகை ஓரத்தில் நெருக்கி வைத்தேன். தட்டு இடித்து ஓரத்துச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே போய்விட்டது. இழுத்துப் பழைய இடத்தில் வைக்கப் போனேன். இசக்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இருங்க ஆச்சி, தொடாதீங்க" என்றாள். அதன்பிறகு இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்டல் ஊசிப்போய் நான் வைததுதான் எனக்கு ஞாபகம் இருந்ததே தவிர, சிப்பாய் ஞாபகம் இல்லை.

அந்த நகர்த்தலுக்கு 'ஆச்சி' என்று பெயர் வைத்தார்களாம். பெரிய ஆட்டம் வருகிறவரை ஆடக் கூடாது, இரண்டு பேரும் சரி என்றால்தான் ஆட வேண்டும் என்று திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியமாம். இவன் இன்றுவரை ஆடவில்லை. செல்வின் சாருக்குக்கூடச் சொல்லவில்லை.

"உலகத்துல இது மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, இசக்கியக்காவுக்கு, உங்களுக்கு. உங்களுக்குத் தெரியும்ங்கிறது உங்களுக்கே தெரியாது."

அப்படியென்றால் ஸ்டோயனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

இசக்கி ஆட்டத்தை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அவளும் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். மாநிலத்தில் முதலாவதாக வந்தாள் என்று நினைக்கிறேன். வந்தாள். அந்த வருஷம் இவனுக்கும் அவளுக்கும் ஒரே வாரத்தில் வெளிநாட்டுப் போட்டி, வேறு வேறு தேசம். இவன் கூட இவன் அப்பன் போனான். அவள் அப்பன் பெரியவனுக்கு மில்லில் லீவு இல்லை. பொம்பளைப் பிள்ளையைக் கூட ஆளில்லாமல் எப்படி அனுப்புவது? அதனால் அனுப்பவில்லை. அவள் அழவெல்லாம் இல்லை. பிளஸ் டூ முடித்தாள், காலேஜ் சேர்ந்தாள். படிப்பில் கவனம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னோம்.

அதே நாள், சாயங்காலம்

செந்தூரன் கடற்கரைக்கு நடக்கப் போனதும் நான் இசக்கிக்குப் போன் போட்டேன். உண்மையா என்று மட்டும் கேட்டேன். எது என்று அவள் கேட்கவில்லை.

"ஆமா ஆச்சி. மூணு வருஷமா."

காலேஜில் படிக்கும்போதே ஸ்டோயனுக்கு ஆட்டம் தயார் செய்து கொடுக்க ஆரம்பித்துவிட்டாளாம். கம்பெனி வேலை ஒரு வருஷந்தான் பார்த்தாளாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் சொன்னது பொய் இல்லையாம். என்ன பார்க்கிறேன் என்று யாரும் கேட்கவில்லையாம். இந்தப் போட்டியில் செந்தூரன் எதிரே வரக்கூடும் என்று தெரிந்ததும், அப்படி வந்தால் அந்த ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஸ்டோயனிடம் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். ஆனால் அதற்கு முன்பே கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதே.

சத்தியம் பண்ணியதைச் சொன்னேன்.

"அவன் கிராண்ட்மாஸ்டர் ஆச்சி. எந்தப் போர்டுலயும் உக்காந்து எதையும் ஆடலாம். நான் எந்தப் போர்டுல உக்காந்து அதை ஆடுறது? என்னைக்காவது ஒரு நாள் அது ஒரு பெரிய ஆட்டத்துல வரணும்னு நெனச்சேன். யார் கையிலயாவது."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது பயம்தான், நாளைக்கு இவன் தோற்றால் எல்லாம் முடிந்தது. கேட்டுவிட்டேன். நாளை அந்த ஆள் என்ன ஆடுவான், ஒரே ஒரு வார்த்தை சொல்லுட்டி, நம்ம பிள்ளைதானே என்றேன்.

"நீங்க இதைக் கேட்டதா நான் வச்சுக்கிடல ஆச்சி" என்றாள். குரல் ஏறவே இல்லை.

பொம்பளைப் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஊர் பேர் தெரியாத ஆளிடம் வேலை பார்க்கலாமா என்று நான் வேறு பக்கம் போனேன். அப்போதுதான் அதைச் சொன்னாள்.

"அன்னைக்குக் கூடப் போக ஆள் இல்லன்னு சொன்னீங்க. இப்ப நீங்க போயிருக்கீங்கல்லா."

சோறு பொங்கிவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். குக்கரில் அப்போது அரிசியே போடவில்லை.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி சனி. நாமம் இட்டு, கோவிந்தா சொல்லிவிட்டுத்தான் அடுப்பைத் தொட்டேன். அடுப்பு என்று எழுதுகிறேன், குக்கர்தான்.

காலைப் பலகாரத்தின்போது செந்தூரனிடம் நேற்றுப் போன் போட்டதைச் சொன்னேன், கேட்டதையும் சொன்னேன். பிள்ளை கரண்டியை வைத்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா சொன்னாளா?"

சொல்லவில்லை என்றேன். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சொல்லியிருந்தால் அவள் தொழில் இன்றோடு போயிருக்கும், கேட்டு ஆடினேன் என்று தெரிந்தால் என்னையும் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள் என்றான். நான் இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேரனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் கேட்டேன். அது இப்படி ஒரு குற்றம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்து, "அவ சொல்ல மாட்டா ஆச்சி. எனக்குத் தெரியும்" என்றான். அதை ஏதோ பெருமை மாதிரி சொன்னான்.

இன்று ஜெயித்தே ஆக வேண்டும். பாய்ந்து பாய்ந்து ஆடுவான் என்று நினைத்தேன். இல்லை. ஜெயிக்க வேண்டிய நாளில்தான் அவசரப்படக் கூடாதாம். காய்களை வெட்டிக் குறைக்காமல் பலகையில் நிறைய வைத்துக்கொண்டு, எதிராளிக்குத் தப்பு செய்ய நேரம் கொடுக்க வேண்டுமாம். அப்படியே செய்தான். ஆறு மணி நேரம் ஆயிற்று. பட்டை நடுவிலேயே நின்றது. கொஞ்சம் ஏறும், இறங்கும். கடைசியில் ஸ்டோயன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தோற்றேன் என்று கை நீட்டினார்.

நாளை வேக ஆட்டம். இரவு: தயிர்ச் சோறு. படுத்ததும் தூங்கிவிட்டான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

முடிந்துவிட்டது. தோற்றுவிட்டான்.

அதே நாள், பிறகு

கொஞ்சம் காபி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் வேக ஆட்டம் டிரா. இரண்டாவதில் செந்தூரனுக்கு வெள்ளை. ஏழெட்டு நகர்த்தல் ஆனது. அப்புறம் இவன் வலது ஓரத்துச் சிப்பாயைப் பிடித்து இரண்டு கட்டம் தள்ளினான். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. ஜெபராஜ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இந்தத் தடவை தெரிந்தது. அது நான் தள்ளியது.

ஸ்டோயன் யோசிக்கவே இல்லை. சட்டென்று பதில் வைத்தார். அடுத்ததற்கும் யோசிக்கவில்லை. அதற்கு அடுத்ததற்கும். செந்தூரன்தான் யோசித்தான், நேரம் ஓடியது. பட்டையில் கறுப்பு மெல்ல இறங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை.

வெளியே வந்தவனிடம் ஏன்டா என்றுகூட நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். வெள்ளைக்கு ஆட மட்டும்தான் அக்கா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள், அதையே அவருக்கு எதிராக ஆடினால் திணறுவார் என்று கணக்குப் போட்டானாம். அவள் இரண்டு பக்கமும் முடித்து வைத்திருக்கிறாள். "நாங்க ரெண்டு பேரும் விட்ட இடத்துலயே நான் நின்னுட்டேன் ஆச்சி. அவ ஏழு வருஷம் தனியா நடந்து போயிருக்கா." கண் கலங்கியிருந்தது. தோற்றதற்கா, இதற்கா, தெரியவில்லை. அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் மேடையில் ஸ்டோயனைப் பேட்டி எடுத்தார்கள். இங்கிலீஷில் பேசினார், ஜெபராஜ் காதோடு சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சிப்பாய் நகர்த்தல் யாருடையது என்று கேட்டார்கள். ஸ்டோயன் சிரித்தார். அந்த நான்கில் இடம் கிடைத்தால் பெயரைச் சொல்லலாம் என்று நேற்று அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன் என்றார். மூன்று வருஷமாக எனக்குப் பின்னால் இருப்பது இந்தியாவில், கோயம்புத்தூரில் ஒரு பெண், பெயர் இசக்கியம்மாள் என்றார். அவர் வாயில் அது உடைந்து உடைந்துதான் வந்தது. ஆனால் முழுப் பெயரையும் சொன்னார். என் மாமியார் பெயர் அது. குலதெய்வத்தின் பெயர். அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, அத்தனை தேசத்து ஆட்களும் கேட்க, ஒலிபெருக்கியில் வந்தது.

அந்த நகர்த்தலுக்கு அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள், ஆச்சி, அர்த்தம் என்ன என்று நான் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

ஜெபராஜ் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நிற்பதா, கும்பிடுவதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். என் பேரனைத் தோற்கடித்ததற்குத் தட்டுகிறார்கள், என் பேத்திக்குத் தட்டுகிறார்கள். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தது. செந்தூரனைத் தேடினேன். தூண் ஓரத்தில் நின்று அவனும் தட்டிக்கொண்டிருந்தான். நானும் பையை மடியில் வைத்துவிட்டுத் தட்டினேன்.

திரையில் இசக்கி என்று ஒரு படம் போட்டார்கள். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், கையில் அவளைவிடப் பெரிய கோப்பை. ஏழாவது படிக்கும்போது எடுத்தது. வேறு படம் எங்கேயும் கிடைக்கவில்லையாம். பத்திரிகைக்கு இப்போதைய படம் இருக்கிறதா ஆச்சி என்று ஜெபராஜ் கேட்டார். இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்று போனைத் தடவிக்கொண்டே இருந்தேன். செந்தூரன் சாப்பிடுகிற படம், தூங்குகிற படம், சால்வையோடு நிற்கிற படம். தேட வேண்டியதே இல்லை என்று எனக்குத் தெரியும். அவளை நான் கடைசியாகப் பார்த்தது மாரீஸ்வரி கல்யாணத்தில். அன்றைக்கெல்லாம் பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி போட்டிருப்பாளா இப்போது என்று அவர் சும்மாதான் கேட்டார். நான் திரையில் அந்த ரெட்டைச் சடையையே மறுபடி பார்த்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மத்தியானம் விமானம். காலை: உப்புமா, பாதிதான் சாப்பிட்டான்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் செந்தூரன் போனில் பேசிக்கொண்டிருக்கிறான். எல்லாம் காய் நகர்த்துகிற கணக்கு, எழுத்தும் எண்ணுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அங்கயா தப்பு?" என்று கேட்டான். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அக்காவும் தம்பியும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒரு வார்த்தைகூட நலம் விசாரிக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குப் பேச்சில் வராது.

அதனால் குடும்பக் குழுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஒற்றை விரலால் அரை மணி நேரம் அடித்து அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

இசக்கிக்கு ஆச்சி எழுதுவது. செந்தூரன் நன்றாக ஆடினான், தோற்றான், சாப்பிடுகிறான். உன் பெயரை இங்கே மேடையில் சொன்னார்கள். நானும் கைதட்டினேன். உன் படம் என்று ரிப்பன் கட்டின பிள்ளையைக் காட்டினார்கள். கண்ணாடி போடுவாளா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாரீஸ்வரி, பேச்சிமுத்து, யாரும் இதற்குக் கீழே பூவும் கும்பிடும் போட்டு இதை மேலே தள்ளிவிட வேண்டாம். அவள் பதில் போடும்வரை காலை வணக்கமும் வேண்டாம். இசக்கி, முகம் நேராகத் தெரிகிற மாதிரி, இன்றைக்கு எடுத்த புதுப் போட்டோ ஒன்றை இதில் போடு.